முயலுக்கு எட்டும் விலை
(விலங்குப் புனைகதையும் மலிவு மின்னூலும்)



நூலை எழுதுதல், அச்சேற்றுதல், விற்றல் ஆகிய மூன்றும் வேறு வேறு தொழில்கள். மூன்றையும் ஒருவரே தலைமேற் கொள்ளும் நிலை தமிழ்க் கவிஞர்க்குப் புதிதன்று. கைப்பொருளைச் செலவிட்டு ஐந்நூறு படிகள் அச்சிடுவது, வெளியீட்டு விழாவன்று சில படிகளை விற்பது, மீதியை நண்பர்க்கு அன்பளிப்பாக வழங்குவது, அதன் பின்னும் எஞ்சிய கட்டுகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைப்பது என்பது பலர் வீட்டு வரலாறு. மின்னூல் வந்தபின் கட்டிலுக்கு அடியில் கட்டுகள் இல்லை. ஆயினும் விற்பவர் மாறவில்லை. எழுதியவரே இன்றும் கூவி விற்க வேண்டியுள்ளது.

இம்மாற்றத்தை அளந்து பார்ப்பதற்கு விலங்குப் புனைகதை ஏற்ற களமாக அமைகிறது. துப்பறியும் பூனை, போர் புரியும் ஓநாய், நெடுந்தொலைவு நடந்து வீடு திரும்பும் நாய், பேசும் முயல் எனப் பல்வகை விலங்குகளைத் தலைமக்களாகக் கொண்ட கதைகளை அவற்றின் ஆசிரியர்களே மின்னூலாக்கி, ஒரு டாலருக்கும் குறைந்த விலையிட்டு, தாமே விளம்பரமும் செய்து பரப்பி வருகின்றனர். இதனை எழுத்துக்கு இழிவு எனத் தள்ளுவோர் உளர். எழுத்தாளர்க்கு விடுதலை எனப் போற்றுவோரும் உளர். இரண்டுமே அவசர முடிவுகள். விலையைக் குறைப்பவர் யார், யாருக்காக அது குறைக்கப்படுகிறது, குறைத்தபின் ஆசிரியர் கையில் எஞ்சுவது எது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கண்ட பிறகே முடிவு கூறுதல் தகும்.

ஒரு ஷில்லிங் நூல்

இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர் மின்னூலுக்கு நூறாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் ஆங்கில அம்மையாரிடம் செல்ல வேண்டும். பியாட்ரிக்ஸ் பாட்டர் என்பது அவர் பெயர். 1866இல் பிறந்து 1943இல் மறைந்தவர். 1893 செப்டம்பர் 4ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டு டன்கெல்டு என்னும் ஊரிலிருந்து, நோயுற்றுக் கிடந்த ஒரு சிறுவனுக்கு அவர் மடல் எழுதினார். எழுதுவதற்குச் செய்தி ஒன்றும் இல்லாமையால் ஒரு குறும்புக்கார முயலின் கதையைப் படங்களுடன் எழுதி அனுப்பினார். உலகப் புகழ் பெற்ற பீட்டர் முயல் அவ்வாறு பிறந்தது.

1900ஆம் ஆண்டில் அம்மடலை நூலாக்கும் எண்ணம் பாட்டருக்கு எழுந்தது. அனுப்பிய மடலைச் சிறுவனிடமிருந்து இரவலாகத் திரும்பப் பெற்றுக் கதையை விரித்தெழுதினார். ஆறு பதிப்பகங்களேனும் அதனை ஏற்க மறுத்தன. மறுப்புக்கான காரணங்களுள் நூலின் அளவும் விலையும் அடங்கும். பெரிய நூலாகவும் விலை மிக்கதாகவும் இருக்க வேண்டும் என்று பதிப்பாளர் விரும்பினர். பாட்டரோ குழந்தையின் கைக்கு அடங்கும் சிறு நூலையே விரும்பினார். ஆறு ஷில்லிங் விலையில் ஒரு நூல் இடுவதைவிட, ஒவ்வொரு ஷில்லிங் விலையில் இரண்டு மூன்று சிறு நூல்கள் இடுவதே மேல் என்றும், சின்னஞ்சிறு முயல்களால் ஒரு நூலுக்கு ஆறு ஷில்லிங் கொடுக்க இயலாது என்றும் அவர் ஒரு மடலில் நகைச்சுவையாக எழுதினார்.

பதிப்பாளர் இணங்காமையால் அவர் தம் பொருளிலேயே நூலை அச்சிட்டார். 1901 டிசம்பரில் 250 படிகள் ஆயத்தமாயின. செலவு மிகாதிருக்கும் பொருட்டு உள்ளே இருந்த படங்கள் யாவும் கருப்பு வெள்ளைக் கோட்டோவியங்கள். முகப்புப் படம் ஒன்றே வண்ணம். சில படிகளை உற்றார்க்கும் நண்பர்க்கும் வழங்கினார். ஏனையவற்றை ஒரு ஷில்லிங் இரண்டு பென்ஸ் விலைக்கு விற்றார். துப்பறியும் கதைகளால் புகழ் பெற்ற ஆர்தர் கோனன் டாயில் தம் மக்களுக்காக ஒரு படி வாங்கினார். 250 படிகளும் விரைவில் தீர்ந்தன. 1902 பிப்ரவரியில் மேலும் 200 படிகள் அச்சாயின. அதற்குள் பிரெடரிக் வார்ன் என்னும் பதிப்பகம் முன்வந்தது. வண்ணப் படங்களுடன் கூடிய அவர்களது பதிப்பு 1902 அக்டோபரில் வெளிவந்தது. முதல் அச்சு 8,000 படிகள். அவை வெளியீட்டு நாளுக்கு முன்னரே விற்றுத் தீர்ந்தன.

பதிப்பகம் கிடைத்தபின்னும் பாட்டர் தம் நூலைத் தாமே விற்பதை நிறுத்தவில்லை. 1902 டிசம்பரில் குளோஸ்டர் நகரத் தையற்காரரையும் எலிகளையும் பற்றிய கதையை மீண்டும் தம் செலவிலேயே 500 படிகள் அச்சிட்டார். பதிப்பகத்தார் கதையைச் சுருக்கிவிடுவர் என்னும் ஐயமே அதற்குக் காரணம். 1903இல் பீட்டர் முயல் பொம்மையை வடிவமைத்து அரசு அலுவலகத்தில் உரிமை பதிந்துகொண்டார். 1904இல் பலகை விளையாட்டு ஒன்றையும் ஆக்கினார். தம் படைப்பை ஊரறியச் செய்ய வேண்டும் என்பதிலும், அதன் பயன் தம் கையை விட்டுப் போகலாகாது என்பதிலும் அவர் எவர்க்கும் பின்னிற்கவில்லை. வார்ன் பதிப்பகம் அமெரிக்காவில் பதிப்புரிமையைப் பதிவு செய்யாது விட்டமையால் அங்குத் திருட்டுப் பதிப்புகள் பெருகின என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

இவ்வளவு மலிவான நூலில் மலியாதது ஒன்று உண்டு. பாட்டர் தம் வீட்டில் வளர்த்த முயலின் பெயர் பீட்டர் பைப்பர். இலண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் அதனை வாங்கிய விலை நான்கு ஷில்லிங் ஆறு பென்ஸ். கதைநூலின் விலையைவிட முயலின் விலை மூன்று மடங்குக்கும் மிகுதி. அது ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்து 1901 ஜனவரியில் இறந்தது. அது படுப்பதும், காதை மடிப்பதும், அஞ்சுவதும், முன்னங்காலைத் தூக்குவதும் ஆகிய எல்லாம் அவர் தூரிகைக்குள் வந்தன. கதையில் வரும் முயல் சட்டை அணிகிறது; ஆயினும் சட்டைக்கு உள்ளே இருப்பது முயலின் உடம்பேயன்றி மனித உடம்பன்று. மடல் எழுதிய 1893க்கும் நூல் வெளிவந்த 1901க்கும் இடையே எட்டு ஆண்டுகள் கழிந்தன. விலை ஒரு ஷில்லிங்; அதன்பின் நின்ற பார்வை ஓர் உயிரின் வாழ்நாள்.

பாட்டர் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். அச்சுக்கூலி கொடுக்க வல்லவர். எல்லா எழுத்தாளர்க்கும் அது வாய்க்குமோ என்று வினவுதல் நேர்மையே. அவ்வினாவுக்கு விடை தமிழ்நாட்டிலேயே உள்ளது.

கடையத்துக் கணக்கு

மகாகவி பாரதியாரும் விலங்குக் கதை எழுதியவர். தம் நூல்களைத் தாமே மலிவாகப் பரப்ப முனைந்தவர். அன்னி பெசன்ட் அம்மையாரையும் தியாசபி இயக்கத்தையும் அங்கதமாகச் சாடி அவர் எழுதிய பொன்வால் நரியின் கதை 1914இல் ஆங்கிலச் சிறுநூலாக வெளிவந்தது. பஞ்சதந்திர மரபை ஒட்டி நவதந்திரக் கதைகளை எழுதத் தொடங்கியவரும் அவரே.

1920இல் கடையத்தில் வாழ்ந்த காலத்தில் தம் எழுத்துகள் அனைத்தையும் 40 நூல்களாக வகுத்து, நூலொன்றுக்கு 10,000 படிகள் அச்சிடும் திட்டம் ஒன்றை அவர் வகுத்தார். அதற்கு வேண்டும் முதலை வட்டிக்குக் கடனாகத் தருமாறு அன்பர்களை வேண்டி மடல் விடுத்தார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் நூல்கள் வீடுதோறும் எளிதில் விலைபோகும் என்பது அவர் நம்பிக்கை. கவிஞர் ஒருவர் தம் நூலைத் தீப்பெட்டியோடு ஒப்பிடுவதைத் தாழ்வாகக் கருதவில்லை என்பது குறிக்கத்தக்கது. ஒவ்வொரு வீட்டிலும் நாள்தோறும் வேண்டப்படும் பொருள் அது. விலை குறைவு என்பதற்கு அவர் கொண்ட பொருள் அதுவே.

முதல் திரளவில்லை. 1921 செப்டம்பரில் பாரதியார் மறைந்தார். 4,00,000 படிகள் கனவாகவே நின்றன. திட்டத்தில் குறையில்லை, தாளுக்கும் மைக்கும் பொருள் இல்லாமையே குறை.

மின்னூலின் மெய்யான பெருமையை இவ்விடத்தில்தான் காண வேண்டும். கடையத்துக் கவிஞர் கடனாகக் கேட்ட தொகை இன்று தேவையில்லை. தாள் வேண்டா, மை வேண்டா, கட்டுக்கூலி வேண்டா, கிடங்கும் வேண்டா. 40 நூல்களையும் ஒருவர் தம் வீட்டு மேசையிலிருந்தே உலகெங்கும் விற்பனைக்கு வைத்துவிடலாம். 2016 டிசம்பரில் அமேசான் நிறுவனம் இந்திய மொழி மின்னூல்களைக் கிண்டிலில் கொண்டுவந்தபோது தமிழும் அவற்றுள் ஒன்றாக இடம் பெற்றது. இதனை இழிவு என்று தள்ளுவோர் பாரதியார் பட்ட பாட்டை எண்ணிப் பார்க்கக் கடவர்.

தொண்ணூற்றொன்பது சென்ட்

கிண்டில் படிப்பான் 2007 நவம்பரில் அமெரிக்காவில் வெளிவந்தது. எழுத்தாளர் தம் நூலைத் தாமே ஏற்றி விற்கும் வாயிலும் அப்போதே திறந்தது. முதற் கிண்டிலின் திரையில் சாம்பல் நிறத்தின் நான்கு படிநிலைகள் மட்டுமே தோன்றும். 1901இல் பாட்டர் தம் கையிருப்பைக் கருதிக் கருப்பு வெள்ளையைத் தேர்ந்தார். 2007இல் விலங்குக்கதை ஆசிரியர்க்குத் தேர்வே இல்லை.

2010ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் புதிய உரிமத்தொகை முறை வந்தது. அமெரிக்க விற்பனையில் 2.99 டாலர் முதல் 9.99 டாலர் வரை விலையிட்டால் ஆசிரியர்க்கு 70 விழுக்காடு கிடைக்கும். அவ்வெல்லைக்குக் கீழே இறங்கினால் 35 விழுக்காடே கிடைக்கும். 99 சென்ட் விலைக்கு விற்கும் நூலால் ஆசிரியர்க்குச் சேர்வது ஏறத்தாழ 35 சென்ட். 2.99 டாலர் நூல் ஒன்றால் வரும் வருவாயை அடைய, 99 சென்ட் நூல் ஆறு விற்றாக வேண்டும். விலையைக் குறைப்பவர் இருமுறை இழக்கிறார்: விலையும் குறைகிறது, அவ்விலையில் தமக்குரிய பங்கும் பாதியாகிறது.

விலங்குப் படக்கதைக்கு மற்றோர் இடர் உண்டு. 70 விழுக்காட்டு முறையில் நூற்கோப்பின் எடைக்கு ஏற்ப அனுப்புகூலி கழிக்கப்படுகிறது. அமெரிக்க விற்பனையில் அது ஒரு மெகாபைட்டுக்கு 15 சென்ட் என்று வகுக்கப்பட்டது. எழுத்து மட்டும் உள்ள புதினத்துக்கு இக்கூலி சில சென்ட்டுகளைத் தாண்டாது. பத்து மெகாபைட் அளவுள்ள படக்கதைக்கோ ஒன்றரை டாலர் கழிந்துவிடும். முயலின் மீசையை நுணுக்கமாக வரையுந்தோறும் ஆசிரியரின் வருவாய் தேய்கிறது. படத்தைக் குறைத்தால் பயன் மிகும் என்னும் கணக்கை, எவரும் வாய்விட்டுச் சொல்லாமலே, விலைப்பட்டியல் சொல்லிவிடுகிறது.

2014 ஜூலையில் மாதக் கட்டணம் செலுத்தி எத்தனை நூல்களையும் படிக்கும் முறை வந்தது. தொடக்கத்தில் வாசகர் நூலில் பத்தில் ஒரு பங்கைக் கடந்ததும், நூல் சிறிதாயினும் பெரிதாயினும், ஆசிரியர்க்கு ஒரே அளவில் தொகை கிடைத்தது. சிறுகதைகளைத் துண்டு துண்டாக வெளியிட்டவர் அதனால் பயனடைந்தனர். 2015 ஜூலை முதல் படிக்கப்பட்ட பக்கங்களை எண்ணித் தொகை தரும் முறை புகுந்தது. அன்று முதல் நீண்ட கதைக்குப் பயன், சிறு கதைக்கு நட்டம். பீட்டர் முயலைப் போன்ற சின்னஞ்சிறு நூல் எத்தனை முறை படிக்கப்பட்டாலும், ஒரு வாசகரின் முதல் வாசிப்புக்கு மட்டுமே தொகை உண்டு. குழந்தை இலக்கியத்தின் உயிரே மீண்டும் மீண்டும் படிக்கச் சொல்லிக் கேட்பதுதான். அவ்வுயிர்க்கு இக்கணக்கில் இடமில்லை.

அம்முறையில் சேரும் நூலை 90 நாள் தவணைக்கு வேறெங்கும் மின்னூலாக விற்றலும் கூடாது, இலவசமாகத் தருதலும் கூடாது. தவணைக்கு ஐந்து நாள் அக்கடையிலேயே இலவசமாக வழங்கலாம். இவற்றால் பயன் பெற்றோரும் உளர், அதனை மறுப்பதற்கில்லை. ஆயின் பாட்டர் விலை குறைத்ததற்கும் இவர்கள் விலை குறைப்பதற்கும் வேறுபாடு உண்டு. பாட்டர் குழந்தையின் கையைப் பார்த்து விலை வைத்தார். மின்னூல் ஆசிரியர் பெரும்பாலும் விற்பனை வரிசைப் பட்டியலைப் பார்த்து விலை வைக்கிறார். முன்னதில் விலையைக் குறைப்பவர் ஆசிரியர். பின்னதில் விலையைக் குறைப்பது கடை.

விற்ற நூலின் மீது வாசகர்க்கு உள்ள உரிமையும் ஆராயத்தக்கது. 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெலின் விலங்குப் பண்ணை என்னும் நூலும் அவரது மற்றொரு புதினமும் வாசகர்களின் கிண்டில்களிலிருந்து தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. பதிப்புரிமை இல்லாத ஒருவர் தாமே ஏற்றும் வாயில் வழியாக அவற்றை ஏற்றி விற்றிருந்தமையே காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கோரினார். ஆயினும் காசு கொடுத்து வாங்கிய நூல் வீட்டிலிருந்தே மறையக்கூடும் என்பதை உலகம் முதன்முதலாக ஒரு விலங்குக் கதையின் வாயிலாக அறிந்தது.

தற்புகழ்ச்சிக்கு இலக்கணம்

தம் நூலைத் தாமே புகழ்ந்து விற்பது தமிழ் மரபுக்கு ஒவ்வாது என்று கூறுவோர் நன்னூலை மீண்டும் நோக்க வேண்டும். எல்லாம் கற்றவராயினும் தம்மைத் தாமே புகழ்தல் தகாது என்று பவணந்தியார் விதிக்கிறார். உடனே விலக்கும் வகுக்கிறார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தம் ஆற்றலை உணராதார் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்லும் பொழுதிலும், பிறர் தம்மைப் பழிக்கும் காலத்தும் புலவர் தம்மைப் புகழ்தல் தகும் என்பது அவர் கருத்து. இந்நான்கனுள் இரண்டாவது மின்னூற் கடைக்கு மிகப் பொருந்தும். எழுதியவர் யார் என்றே அறியாத எண்ணற்றோர் நடுவில் ஒரு நூல் நிற்கும்போது, தன் வரலாற்றையும் தகுதியையும் அது தானே சொல்லியாக வேண்டும். எனவே ஆசிரியர் தம் நூலை எடுத்துரைப்பது இலக்கணத்துக்கு உட்பட்டதே.

இலக்கணத்துக்குப் புறம்பானது வேறொன்று. தம் புகழைப் பிறர் வாயில் வைத்து விலைக்கு வாங்குதல் அது. 2011 ஜூனில், தாமே வெளியிட்ட மின்னூல்கள் பத்து இலட்சம் விற்ற முதல் ஆசிரியர் என அமேசான் ஜான் லாக் என்பவரை அறிவித்தது. அவர் எழுதியவற்றுள் குற்றப் பரபரப்புக் கதைகள் மிகுதி. விலை 99 சென்ட். ஓராண்டுக்குப் பின், 2012இல், தம் நூல்களுக்கான மதிப்புரைகளுள் சிலவற்றை அவர் காசு கொடுத்து எழுதுவித்தமை நியூயார்க் டைம்ஸ் இதழ் வழியாக வெளிவந்தது. மலிவு விலையைக் கண்டு அதனையே வழியாகக் கொண்ட பலர் அச்செய்தியால் நாணினர். விலை குறைவு ஒருவரை வாசகரிடம் கொண்டு சேர்க்கும். பொய்ம்மதிப்புரை அவ்வாசகரையே ஏமாற்றும்.

ஒரு நாளில் மூன்று நூல்

பாரதியார் காலத்துத் தடை முதலின்மை. இன்றைய தடை கண்ணிற் படாமை. முதல் தேவையற்றுப் போனபின் நூல்கள் பெருகின. நூல்கள் பெருகியபின் ஒரு நூலைக் கண்டெடுப்பது அரிதாயிற்று. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கதை எழுதத் தொடங்கியபின் இவ்வெள்ளம் கரை கடந்தது. 2023 செப்டம்பரில் அமேசான் இரு விதிகளை வகுத்தது. நூலில் உள்ளது இயந்திரம் ஆக்கியதாயின் ஆசிரியர் அதனை நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ஒன்று. ஒருவர் ஒரு நாளில் புதிதாக ஏற்றும் நூல்கள் மூன்றைக் கடக்கலாகாது என்பது மற்றொன்று.

இரண்டாம் விதியைக் கவிஞர்கள் நின்று நோக்க வேண்டும். ஒரு நாளில் மூன்று நூல் என்பது அன்று அங்கே வகுத்த கட்டுப்பாடு! எட்டு ஆண்டுகளில் ஒரு முயல் கதை என்பது பாட்டரின் அளவு. பேசும் விலங்கின் கதை எழுத எளியது என்று கருதப்படுவதால் இயந்திரத்திடம் முதலில் ஒப்படைக்கப்படுவனவற்றுள் அதுவும் ஒன்றாகிறது. நரி தந்திரம் செய்யும், சிங்கம் அரசாளும், முயல் தப்பிக்கும் என்னும் வாய்பாடு இருக்கும்போது நரியைப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. நரி என்ற பெயர் போதும்.

குருளையும் குட்டியும்

தமிழ் மரபு விலங்கை அவ்வாறு பெயரளவில் விடவில்லை. தொல்காப்பியம் விலங்கையும் பறவையையும் நிலத்தின் கருப்பொருள்களுள் வைத்தது. மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பதை வகுத்து, எவ்வுயிர்க்கு எப்பெயர் உரியது என்று பிரித்துக் கூறிற்று. நாய்க்கும் பன்றிக்கும் புலிக்கும் முயலுக்கும் இளமைப் பெயர் குருளை. எலிக்கும் அணிலுக்கும் குட்டி. புலியையும் முயலையும் ஒரே பெயரால் சுட்டிய அப்பகுப்பு, கொன்று தின்பதையும் தின்னப்படுவதையும் ஒரே வரிசையில் வைத்தது. எக்காரணத்தால் அவ்வாறு வகுத்தனர் என்பது ஆய்வுக்கு உரியது. ஆயினும் பார்த்துப் பார்த்து வழங்கிய மக்களின் வழக்கே அங்கு இலக்கணமாயிற்று என்பது தெளிவு. ஒரு விலங்கைக் கதையில் நிறுத்துமுன் அதன் பெயரையேனும் பிழையின்றி அறிய வேண்டும் என்பது தமிழ்ப் புலவர் ஏற்ற கடமை.

அக்கடமையை ஏற்று எழுதிய நூல் மலிவாகப் பரவினால் என்ன விளையும் என்பதற்கு ஆன்னா சூவெல் சான்று. கால் ஊனமுற்று, எங்குச் செல்வதற்கும் குதிரை வண்டியையே நம்பி வாழ்ந்தவர் அவர். குதிரை ஒன்று தன் வாழ்வைத் தானே கூறுவதாக அவர் எழுதிய பிளாக் பியூட்டி 1877இல் வெளிவந்தது. உரிமை முழுவதற்குமாக அவர் பெற்றது 40 பவுன் மட்டுமே. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவர் இறந்தார். 1890இல் ஜார்ஜ் ஏஞ்சல் என்னும் விலங்கு நல இயக்கத்தார் அமெரிக்காவில் அதனை மலிவுப் பதிப்பாக அச்சிட்டு, குதிரையோட்டிகளும் கொட்டில் வேலையாட்களும் படிக்குமாறு பரப்பினார். ஆசிரியர்க்கோ அவர் குடும்பத்துக்கோ அதனால் ஒரு காசும் சேரவில்லை. ஆயினும் அழகுக்காகக் குதிரையின் தலையை வாரால் இழுத்து உயர்த்திக் கட்டும் கொடிய வழக்கத்துக்கு எதிராக மக்கள் மனத்தைத் திருப்பியதில் அந்நூலின் பங்கு பெரிது.

சூவெல் பொருளை இழந்தார். குதிரை பயன் பெற்றது. பாட்டர் பொருளையும் பெற்றார், முயலையும் காத்தார். 1905இல் அவர் ஹில் டாப் என்னும் பண்ணையை வாங்கினார். பின்னர் மேலும் பல பண்ணைகளை வாங்கி, நாலாயிரம் ஏக்கருக்கும் மிகுந்த நிலத்தைத் தேசிய அறக்கட்டளைக்கு விட்டுச் சென்றார். ஒரு ஷில்லிங் கதைகளின் பயன் மலைச்சரிவுகளாகவும் ஆட்டு மந்தைகளாகவும் இன்றும் அங்கே நிற்கிறது. இவ்விருவர் நூல்களும் மலிவாகவே விற்றன. எதனை மலிவாக விற்றனர் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்: கதைத்தாளை விலை குறைத்தனர், கண்ட உண்மையைக் குறைக்கவில்லை.

கவிஞர்க்கு எஞ்சுவது

மேற்கண்ட வரலாறுகளை ஒருங்கு நோக்கினால் தொடக்கத்தில் எழுப்பிய மூன்று வினாக்களுக்கும் விடை தெளிவாகிறது. விலையை ஆசிரியரே குறைக்க வேண்டும். விற்பனை வரிசைக்கு அஞ்சிக் குறைக்கலாகாது. வாங்க இயலாத வாசகர்க்காகக் குறைக்க வேண்டும். குறைத்தபின்னும் நூலின் உருவமும் உரிமையும் ஆசிரியர் கையில் எஞ்ச வேண்டும்.

இவற்றை நடைமுறையில் கொள்வது அரிதன்று. மின்னூல் இடும் கவிஞர் ஒப்பந்த விதிகளை முழுதும் படித்தபின்னரே உரிமையைப் பிறர்க்கு ஒப்படைக்க வேண்டும். 90 நாள் தனியுரிமை வேண்டுமா, பல கடைகளில் நூல் கிடைப்பது வேண்டுமா என்று முன்னரே தேர்ந்துகொள்ள வேண்டும். படங்கள் நூலுக்கு இன்றியமையாதன எனில் அனுப்புகூலிக்கு அஞ்சி அவற்றை நீக்கலாகாது. விலையைச் சற்று உயர்த்துவதே நேர்மை. மின்னூலோடு சில அச்சுப் படிகளும் இருத்தல் நன்று. அழிக்கப்படாத படி ஒன்று எங்கேனும் இருக்க வேண்டும். நண்பர்கள் எழுதும் மதிப்புரை நண்பர் எழுதியது என்று தெரியுமாறு இருத்தல் வேண்டும்.

இலக்கிய வட்டங்களுக்கும் இதில் பணி உண்டு. கண்ணிற் படாமையே இன்றைய தடை எனின், அத்தடையை நீக்க வல்லது பத்துப் பேர் கூடி ஒரு நூலைப் படித்து, உள்ளதை உள்ளவாறு பேசும் அவையே. வரிசைப் பட்டியல் எத்தனை விற்றது என்று கூறும். எது விற்கத்தக்கது என்று கூற அவை வேண்டும். அவ்வகையில் பத்தாண்டுக் காலம் ஓர் அவை கலையாமல் இருப்பது எழுதுவோர்க்குப் பெருந்துணை. நன்னூலார் கூறிய உணரார் நடுவே நூலை வைக்குமுன், உணர்வார் நடுவே ஒருமுறை வைத்துப் பார்க்கும் வாய்ப்பை அது தருகிறது.

பாரதியார் தீப்பெட்டியை நினைத்தார். பாட்டர் முயலின் பணப்பையை நினைத்தார். இருவரும் நினைத்தது வாங்குபவரையே. மலிவு மின்னூல் இடுவோரும் அவ்வாறே நினைத்து, ஒரு நாளில் மூன்று நூல் என்னும் அளவை விடுத்து, ஓர் உயிரைப் பார்த்து முடிக்கும் வரை காத்திருப்பாராயின், 99 சென்ட் என்பது இழிவான விலையாகாது. குழந்தையின் கைக்கு எட்டும் விலையாகவே அது நிற்கும்.